வாசகர் கேள்வி பதில்: பெயரை மாற்றும் முன்னும் பின்னும்

சென்ற மாதம் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, "புரியாத பெயருள்ள வேரியபிளைப் பார்த்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள், எடிட்டரே மாற்றிக் கொடுக்கும்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த வரியைப் பற்றித்தான். மாற்றப்போய் மாட்டிக்கொண்டவர்கள், மாற்றப் பயப்படுகிறவர்கள், மாற்றியதற்காகத் திட்டு வாங்கியவர்கள் என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க ரீஃபேக்டரிங் கருவிகள்தான். இந்தச் சொல் புதிது என்பவர்களுக்கு: நிரல் செய்கிற வேலை மாறக் கூடாது, அது எழுதப்பட்டிருக்கும் விதம் மட்டும் திருந்த வேண்டும். அப்படித் திருத்துவதுதான் ரீஃபேக்டரிங்.

நகைக்கடன் கணக்குக்கான மென்பொருள் எழுதும் சிறிய கம்பெனியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. 'ரேட்' என்ற பெயரை 'இன்ட்ரஸ்ட்ரேட்' என்று மாற்றச் சொன்னார்கள். ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட்டு எல்லா ஃபைலிலும் மாற்றினேன். 'ஜெனரேட்ரிப்போர்ட்' என்ற மெத்தட் 'ஜெனஇன்ட்ரஸ்ட்ரேட்ரிப்போர்ட்' ஆகிவிட்டது! சீனியர், "எஃப்2 இருக்கும்போது ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கோபப்பட்டார். இரண்டும் பெயரைத்தானே மாற்றுகின்றன, என்ன வித்தியாசம்? (ஒரு வாசகர், கோவை)

தம்பி, முதலில் அந்த மாற்றத்தைக் கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) கமிட் செய்யாமல், அதாவது பதியாமல் இருந்தால் அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள். 'கிட் ரெஸ்டோர்' போதும். ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்ய உட்காராதீர்கள். ஒன்று கண்ணில் படாமல் போய்விடும்.

வித்தியாசத்தைத் தமிழிலேயே பார்த்துவிடலாம். ஒரு கட்டுரையில் 'படி' என்ற சொல்லை எல்லாம் 'வாசி' என்று மாற்றச் சொல்கிறேன். நீங்கள் ரீப்ளேஸ் போடுகிறீர்கள். 'பாடம் படி' என்பது 'பாடம் வாசி' ஆகும், சரி. 'அப்படி' என்பது 'அப்வாசி' ஆகிவிடும். உங்கள் 'ஜெனரேட்'டுக்கு நடந்தது இதுதான். 'முழுச் சொல் மட்டும்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் 'அப்படி' தப்பித்திருக்கும். ஆனால் 'அரிசி இரண்டு படி', 'ஏழாவது படி ஏறினான்' இரண்டும் அப்போதும் கெட்டுப்போகும். எழுத்து ஒன்று, சொல் வேறு. தேடும் கருவிக்கு எழுத்து மட்டும்தான் தெரியும்.

உங்கள் மென்பொருளிலும் இது கட்டாயம் இருக்கும், போய்ப் பாருங்கள். கடன் கிளாஸில் 'ரேட்' என்றால் வட்டி விகிதம். நகை மதிப்பிடும் கிளாஸில் 'ரேட்' என்றால் ஒரு கிராம் தங்கத்தின் அன்றைய விலை. ரீப்ளேஸ் போட்டதில் தங்கத்தின் விலைக்கும் 'இன்ட்ரஸ்ட்ரேட்' என்று பெயர் விழுந்திருக்கும். பில்ட் ஒன்றும் சொல்லாது, ஏனென்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான் தவறாக மாறியிருக்கிறது. ஆறு மாதம் கழித்து வேறு யாராவது அந்தப் பெயரை நம்பி ஒரு கணக்கு எழுதுவார்கள். 'ஜெனரேட்' கெட்டது உடனே தெரிந்தது நல்லதாய்ப் போயிற்று. எனக்குக் கவலை இந்த இரண்டாவது வகைதான்.

எஃப்2 என்பது எடிட்டரில் ரீநேமுக்கான, அதாவது பெயர் மாற்றுவதற்கான விசை. அதை அழுத்தும்போது நடப்பது வேறு. எடிட்டருக்குப் பின்னால் இருக்கும் கருவி உங்கள் கோடை எழுத்தாகப் படிப்பதில்லை. கம்பைலர் படிப்பதுபோல் மரமாகப் பிரித்து, எந்தப் பெயர் எங்கே அறிவிக்கப்பட்டது, எந்த வரியில் வரும் 'ரேட்' எந்த அறிவிப்பைக் குறிக்கிறது என்று பார்க்கிறது. ஒரே தெருவில் இரண்டு செல்வி இருந்தால், தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கொடுப்பதுபோல. கர்சரைக் கடன் கிளாஸின் 'ரேட்' மேல் வைத்து எஃப்2 அழுத்தினால், அந்த ரேட்டும் அதைக் குறிக்கும் இடங்களும் மட்டும் மாறும். தங்கத்தின் ரேட் தொடப்படாது. முதல் சில தடவை நேராக என்டர் அழுத்தாமல் முன்னோட்டத்தைத் திறந்து, எந்தெந்த ஃபைல் மாறப்போகிறது என்று பாருங்கள். எதிர்பார்க்காத ஃபைல் ஒன்று பட்டியலில் இருந்தால், மாற்றுவதற்கு முன்பே அதைத் திறந்து ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எஃப்2 போட்டுத்தான் மாற்றினேன். பில்ட் ஓடியது, டெஸ்ட் எல்லாம் பாஸ். ஆனால் மொபைல் ஆப்பில் வாடிக்கையாளர் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. கருவியை நம்பியது தவறா? (ஒரு வாசகி, சென்னை)

நம்பியது தவறில்லை. அது எதுவரை பார்க்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லாததுதான் தவறு.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஜாவா மொழி, அதோடு ஸ்பிரிங், ஜாக்சன் என்ற நூலகங்கள். ஜாக்சன் உங்கள் கிளாஸின் கெட்டர் (ஃபீல்டின் மதிப்பை எடுத்துத் தரும் மெத்தட்) பெயரிலிருந்துதான் ஜேசனில் (ஆப்புக்குத் தகவல் போகும் எழுத்து வடிவம்) வரும் பெயரை உருவாக்குகிறது. நீங்கள் ஃபீல்டின் பெயரை மாற்றினீர்கள், கூடவே கெட்டரும் மாறியது, ஜேசனில் போகும் பெயரும் மாறிவிட்டது. மொபைல் ஆப் இன்னும் பழைய பெயரைத்தான் தேடுகிறது, அது வேறு ரெபாசிட்டரி, அதாவது தனியாக வைத்திருக்கும் கோட் தொகுப்பு. உங்கள் எடிட்டரில் அது திறந்தே இல்லை. கருவியால் எப்படிப் பார்க்க முடியும்? 'ஜேசன்ப்ராப்பர்ட்டி' என்ற குறிப்பை அந்த ஃபீல்டின் மேல் போட்டு, பழைய பெயரை அதில் எழுதிவிடுங்கள். உள்ளே புதுப் பெயர், வெளியே பழைய பெயர். ஆப் உடனே சரியாகிவிடும்.

இதை நானும் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். 2009 இல் ஒரு கடன் நிர்வாக மென்பொருளில் வேலை. எக்லிப்ஸ் என்ற எடிட்டரில் ஒரு கிளாஸின் பெயரை மாற்றினேன். பழைய பெயர் அர்த்தமில்லாத சுருக்கம், புதுப் பெயர் நன்றாகவே இருந்தது. எல்லா ஃபைலும் மாறின, சிவப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அன்று வியாழக்கிழமை. அடுத்த செவ்வாய் மாதக் கடைசி. இரவு ஓட வேண்டிய வட்டிப் பதிவு ஓடவில்லை. காலை ஐந்து மணிக்கு போன் வந்தது. எந்த இரவில் எந்த கிளாஸ் ஓட வேண்டும் என்பது கோடில் இல்லை, டேட்டாபேஸில் ஒரு டேபிளில் வெறும் எழுத்தாக இருந்தது. பழைய பெயர் அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரே ஒரு வரி. அதை மாற்ற அரை நிமிடம் ஆனது, கண்டுபிடிக்க மூன்று மணி நேரம். கிளைகள் திறப்பதற்குள் பதிவு முடிய வேண்டும் என்று கை நடுங்கியது இன்றும் நினைவிருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எஃப்2 முடிந்த பிறகு, பழைய பெயரை ஒரு தடவை ப்ராஜெக்ட் முழுக்க வெறும் எழுத்தாகத் தேடுவேன். விஎஸ் கோட் எடிட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப். அதாவது முதல் கேள்வியில் வேண்டாம் என்று சொன்ன அதே கருவி, மாற்றுவதற்கு அல்ல, தேடுவதற்கு மட்டும். எக்ஸ்எம்எல், ப்ராப்பர்ட்டீஸ் ஃபைல், எஸ்க்யூஎல் ஸ்கிரிப்ட், மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல், கமென்ட் எல்லாம் அப்போது வெளியே வரும். இன்டெலிஜே எடிட்டரில் ரீநேம் பெட்டியிலேயே கமென்ட்டிலும் மேற்கோளுக்குள்ளும் தேடு என்று ஒரு டிக் இருக்கிறது. அதைப் போட்டால் முன்னோட்டத்தைப் பார்க்காமல் விடவே கூடாது. அதற்கப்புறம் ஒரு கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பெயர் என் ரெபாசிட்டரிக்கு வெளியே யாருக்காவது தெரியுமா? டேட்டாபேஸ், வேறு சர்வீஸ், மொபைல் ஆப், வாடிக்கையாளருக்கு அனுப்பும் எக்செல் தலைப்பு. தெரியும் என்றால் அது உங்கள் சொந்தப் பெயர் அல்ல, ஊருக்குக் கொடுத்த பெயர். ஊருக்குச் சொல்லாமல் மாற்ற முடியாது.

விஎஸ் கோட், இன்டெலிஜே: ரீஃபேக்டரிங்குக்கு எது நல்லது? (ஒரு வாசகர், திருச்சி)

ஜாவா, கோட்லின் என்றால் இன்டெலிஜே. டைப்ஸ்கிரிப்ட் என்றால் விஎஸ் கோடே போதும், தாராளமாக. பைத்தானில் எதை எடுத்தாலும் டைப் குறிப்புகள் எழுதியிருந்தால் கருவி நன்றாகப் பார்க்கும், இல்லாவிட்டால் ஊகிக்கத்தான் வேண்டும்.

விஎஸ் கோடில் மொழிக்கு மொழி தரம் மாறுவதற்குக் காரணம், வேலையைச் செய்வது எடிட்டர் அல்ல என்பதுதான். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு லாங்குவேஜ் சர்வர் தனியாக ஓடுகிறது. இந்த வரியில் இந்தப் பெயரை மாற்று என்று எடிட்டர் கேட்க, எந்தெந்த ஃபைலில் என்ன திருத்தம் என்று சர்வர் பட்டியல் தருகிறது. இவர்கள் பேசிக்கொள்ளும் முறையை மைக்ரோசாஃப்ட் 2016 இல் பொதுவாக்கியது. அதனால்தான் அதே சர்வரை வைத்து வேறு எடிட்டர்களிலும் ரீநேம் கிடைக்கிறது. எடிட்டரை மாற்றுவதற்கு முன், உங்கள் மொழியின் சர்வர் சரியாக ஓடுகிறதா, ப்ராஜெக்ட் முழுவதையும் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரு ஃபைலை மட்டும் தனியாகத் திறந்துவைத்து எஃப்2 அழுத்திவிட்டு, மற்ற ஃபைல் மாறவில்லை என்று எழுதியவர்கள் இந்த மாதம் இரண்டு பேர்.

எங்களிடம் 400 வரியில் ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. டெஸ்ட் கிடையாது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். தொடவே பயமாக இருக்கிறது. 'எக்ஸ்ட்ராக்ட் மெத்தட்' வைத்துப் பிரிக்கலாமா? எங்கே வெட்டுவது என்று எப்படித் தெரியும்? (ஒரு வாசகி, ஓசூர்)

பிரிக்கலாம். டெஸ்ட் இல்லாத இடத்தில் கையால் வெட்டி ஒட்டுவதைவிடக் கருவி வெட்டுவது பல மடங்கு பத்திரம். எங்கே வெட்டுவது என்பதையும் பாதி அதுவே சொல்லிக் கொடுக்கும். இதுதான் இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தேர்ந்தெடுத்த வரிகளைத் தனி மெத்தடாகப் பிரித்தெடுப்பதுதான் எக்ஸ்ட்ராக்ட் மெத்தட். சில வரிகளைத் தேர்ந்தெடுத்து அதைக் கொடுத்ததும் கருவி இரண்டு விஷயம் பார்க்கிறது. இந்த வரிகளுக்குள் படிக்கப்படும் வேரியபிள்களில் எவை வெளியே அறிவிக்கப்பட்டவை? அவை பாராமீட்டர்கள் ஆகும். இந்த வரிகளுக்குள் மாறும் வேரியபிள்களில் எவை பிறகு பயன்படுகின்றன? அது ரிட்டர்ன் ஆகும். கையால் செய்யும்போது நாம் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

நகைக்கடன் கணக்கையே எடுத்துக்கொள்வோம், முதல் வாசகர் கோபித்துக்கொள்ள மாட்டார். வட்டி கணக்கிடும் முப்பது வரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள். அசல், விகிதம், நாட்கள் என்று மூன்று பாராமீட்டர், ரிட்டர்ன் வட்டித் தொகை. அருமையான வெட்டு, பெயர் கூடத் தானாக வந்துவிடும். இப்போது இன்னும் பத்து வரி சேர்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். பாராமீட்டர் ஏழு ஆகிறது. உடனே கன்ட்ரோல், இசட். அந்தப் பத்து வரியில் அபராதமோ ரசீதோ வேறு ஏதோ ஒரு வேலை கலந்திருக்கிறது. இன்னொரு இடத்தில் கருவி மறுத்துவிடுகிறது. இந்த வரிகளிலிருந்து இரண்டு மதிப்புகள் வெளியே போகின்றன, ஜாவா மெத்தட் ஒன்றைத்தான் திருப்பித் தரும் என்கிறது. அந்த மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். வட்டியும் அபராதமும் ஒரே லூப்புக்குள் கணக்கிடப்படுகின்றன என்று உங்களுக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது. 400 வரியைப் படித்திருந்தால்கூட அது இவ்வளவு சீக்கிரம் தெரிந்திருக்காது.

அதனால் முதல் நாள் எதையும் கமிட் செய்ய வேண்டாம். வெட்டிப் பாருங்கள், பாராமீட்டர் எண்ணிக்கையைப் பாருங்கள், பழையபடி ஆக்குங்கள், வேறு இடத்தில் வெட்டுங்கள். வேரியபிள்கள் ஃபங்ஷனின் தலையில் கும்பலாக அறிவிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொன்றையும் பயன்படும் இடத்துக்குப் பக்கத்தில் முதலில் இறக்குங்கள். அதற்கப்புறம் வெட்டு சுலபமாகும். ஒரு மெத்தட் சரியாக அமைந்ததும் அதற்கு மட்டும் டெஸ்ட் எழுதி, கமிட். இப்படி ஐந்தாறு மெத்தட் பிரிந்ததும் பயம் தானாகக் குறையும். அது எனக்கு உறுதியாகத் தெரியும், இதைவிட நீளமான ஃபங்ஷன்களோடு உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கருவியை எவ்வளவு நம்பலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். இது இன்று நேற்று முளைத்ததில்லை. 1992 இல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஓப்டைக் தன் முனைவர் பட்ட ஆய்வில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் என்னென்ன நிபந்தனை நிறைவேறினால் நிரலின் நடத்தை மாறாது என்று வகுத்துக் கொடுத்தார். புதுப் பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கக் கூடாது என்பது போன்றவை. அதே பல்கலைக்கழகத்தில் ஜான் பிராண்ட், டான் ராபர்ட்ஸ் இருவரும் ஸ்மால்டாக் மொழிக்கு ரீஃபேக்டரிங் பிரௌசர் என்ற கருவியைச் செய்தார்கள். முதலில் அது தனிக் கருவியாக இருந்தபோது செய்தவர்களே அதை அதிகம் பயன்படுத்தவில்லை. கோட் எழுதும் இடத்திலேயே கொண்டுவந்து வைத்த பிறகுதான் கை தானாகப் போனது. இதைப் படித்ததிலிருந்து, புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் மெனுவைக் காட்டுவதில்லை, விசைகளைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். இன்டெலிஜேயில் ரீநேமுக்கு ஷிஃப்ட், எஃப்6. எக்ஸ்ட்ராக்ட் மெத்தடுக்கு கன்ட்ரோல், ஆல்ட், எம். இரண்டே இரண்டு, ஒரு வாரம். மற்றவை பிறகு வரும்.

ஒரு வேலைக்கு எத்தனை மில்லி செகண்ட் ஆகிறது என்று பதிவு செய்யும் கோட் இருந்தது. தேவையில்லாத வேரியபிள் என்று நினைத்து 'இன்லைன்' செய்தேன். இப்போது எப்போதும் 0 என்று வருகிறது. சில சமயம் -1! (ஒரு வாசகர், மதுரை)

அந்த -1 ஐக் கவனித்து எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். புரியும்படி பெயர்களைத் தமிழாக்கி எழுதுகிறேன். முன்பு இப்படி இருந்தது:

தொடக்கம் = இப்போதையநேரம்();
வேலைசெய்();
பதிவு(இப்போதையநேரம்() - தொடக்கம்);

'தொடக்கம்' என்பதை இன்லைன் செய்ததும், அதாவது அந்த வேரியபிளை நீக்கி அதன் வலப்பக்கத்தை நேராக அந்த இடத்தில் வைத்ததும், இப்படி ஆனது:

வேலைசெய்();
பதிவு(இப்போதையநேரம்() - இப்போதையநேரம்());

வேலை முடிந்த பிறகு இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறீர்கள். 0 தான் வரும். ஜாவா இடப்பக்கத்தை முதலில் கணக்கிடும். இரண்டுக்கும் நடுவில் கடிகாரம் ஒரு மில்லி செகண்ட் நகர்ந்துவிட்டால், பெரியதிலிருந்து அல்ல, சிறியதிலிருந்து கழிக்கிறீர்கள். அதுதான் -1.

அந்த வேரியபிள் ஒரு மதிப்புக்கு வைத்த வெறும் பெயராக உங்களுக்குத் தோன்றியது. உண்மையில் அது 'அந்த நொடியில்' எடுத்த மதிப்பு. பெயர்களை ஒழுங்காகப் பின்தொடரும் கருவி, ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும் நேரம் முக்கியமா என்று எப்போதும் கண்டுபிடித்துவிடாது. இதே தொல்லை எதிர்த்திசையிலும் உண்டு. ஒரு வரிசையிலிருந்து அடுத்ததை எடுக்கும் 'நெக்ஸ்ட்' என்ற அழைப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. முதல் அழைப்பு பெயரை எடுக்கிறது, இரண்டாவது ஊரை எடுக்கிறது. நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து எக்ஸ்ட்ராக்ட் வேரியபிள் கொடுத்தால், இரண்டு இடத்தையும் மாற்றட்டுமா என்று எடிட்டர் கேட்கும். ஆமாம் என்றால் ஒரே ஒரு தடவைதான் எடுக்கும். பெயரும் ஊரும் ஒன்றாகிவிடும். எழுத்தில் ஒரே மாதிரி இருந்தால் ஒன்றுதான் என்று அங்கே நினைக்கக் கூடாது. கடிகாரம், ரேண்டம் எண், ஃபைல், டேட்டாபேஸ், 'அடுத்தது கொடு' வகை அழைப்பு, இவை வலப்பக்கத்தில் இருந்தால் இன்லைன், எக்ஸ்ட்ராக்ட் இரண்டையும் நிறுத்தி ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள்.

60 ஃபைலில் ரீநேம் செய்து, அதோடு ஒரு பக் திருத்தமும் சேர்த்து அனுப்பினேன். ரிவ்யூ செய்பவர், "இதை என்னால் படிக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இது நியாயமா? (ஒரு வாசகர், பெங்களூர்)

நியாயம்தான், அவர் பக்கம்தான் நான். 60 ஃபைலில் ஒரே மாதிரி மாறிய 300 வரிகளுக்கு நடுவில், உண்மையில் நடத்தை மாறிய நான்கு வரியை அவர் கண்ணால் தேட வேண்டும் என்கிறீர்கள். அந்த நான்கு வரிக்குத்தான் ரிவ்யூவே தேவை.

இரண்டாகப் பிரியுங்கள். முதல் கமிட்டில் கருவி செய்தது மட்டும், ஒரு எழுத்துகூடக் கையால் தொடாமல். செய்தியில் 'எஃப்2, ரேட் என்பதை இன்ட்ரஸ்ட்ரேட் ஆக்கியது, வேறு மாற்றம் இல்லை' என்று எழுதுங்கள். ரிவ்யூ செய்பவர் சந்தேகப்பட்டால் தன் கணினியில் அதே ரீநேமைச் செய்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கமிட்டில் பக் திருத்தம். அது நான்கு வரிதான், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஃபைலையே நகர்த்தும்போது இது இன்னும் முக்கியம். கிட் 'இந்த ஃபைல் பெயர் மாறியது' என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. பழையதும் புதியதும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்து ஊகிக்கிறது, வழக்கமாக 50 சதவீதம் ஒத்திருக்க வேண்டும். நகர்த்திய கையோடு உள்ளேயும் நிறைய மாற்றினால், ஒரு ஃபைல் அழிந்தது, வேறொன்று பிறந்தது என்று காட்டும். பழைய வரலாறு அறுந்துபோகும். முதலில் நகர்த்திக் கமிட், அப்புறம் மாற்றிக் கமிட்.

ஒவ்வொரு வரியையும் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் 'பிளேம்' பார்த்தால் எல்லா வரியிலும் என் பெயரே வருகிறது என்றும் வருத்தப்பட்டிருந்தீர்கள். அதற்கும் வழி உண்டு. 2019 இல் வந்த கிட் 2.23 முதல், இந்தக் கமிட்டுகளைக் கணக்கில் எடுக்காதே என்று ஒரு ஃபைலில் எழுதி வைக்கலாம். முதல் கமிட் தனியாக இருந்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும் என்பதையும் பாருங்கள். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்டுக்கு (ஒரே வரியை இரண்டு பேர் மாற்றி, சேர்க்கும்போது மோதுவது) மருந்து நேரம்தான். காலையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு, ரீநேமை மட்டும் அன்றைக்கே மெர்ஜ் செய்துவிடுங்கள். இரண்டு வாரம் பிரான்ச்சில் வைத்திருந்தால் யாருக்கும் நிம்மதி இருக்காது.

இப்போதுதான் ஏஐ வந்துவிட்டதே, "இந்தப் பெயரை எல்லா இடத்திலும் மாற்று" என்றால் அதுவே செய்கிறது. இந்த விசைகளை எல்லாம் இன்னும் கற்க வேண்டுமா? (ஒரு வாசகி, சேலம்)

வேண்டும் என்றுதான் சொல்வேன். எஃப்2 ஒரு கணக்கு. அதே கோட், அதே பெயர் என்றால் நூறு தடவை செய்தாலும் ஒரே விடை. ஏஐ கோடை மறுபடி எழுதுகிறது. பெரும்பாலும் சரியாக எழுதும். ஆனால் 60 ஃபைலில் ஒன்றில் சும்மா இருந்த ஒரு நிபந்தனையையும் சேர்த்து 'அழகாக்கி' விட்டால், அதைக் கண்டுபிடிக்க 60 ஐயும் நீங்கள் படிக்க வேண்டும். படிக்க வேண்டாம் என்பதற்காகத்தானே கருவியே?

ஏஐயிடம் நான் கேட்பது வேறு. இந்த முப்பது வரி என்ன செய்கிறது, நான்கு பெயர் சொல் என்று கேட்பேன். நல்ல பெயர் யோசிப்பதுதான் கடினமான பாதி, அதில் அது உண்மையிலேயே உதவுகிறது. எக்ஸ்எம்எல்லிலும் எஸ்க்யூஎல்லிலும் பழைய பெயர் எங்கெல்லாம் வேறு வடிவத்தில் ஒளிந்திருக்கலாம் என்று கேட்டாலும் நல்ல பட்டியல் தரும். பெயரைத் தேர்ந்தெடுத்த பிறகு எஃப்2 என் விரல்தான் அழுத்தும்.

கணினி ஆசிரியர் நான். மாணவர்களுக்குப் பைத்தான் சொல்லிக் கொடுக்கும்போது வேரியபிள்களுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கச் சொல்கிறேன். ஒரு மாணவி 'கொள்ளளவு' என்ற பெயரைத் தேடினால் சில வரிகள் அகப்படுகின்றன, சில அகப்படவில்லை. நிரல் மட்டும் சரியாக ஓடுகிறது. ஏன்? (ஒரு வாசகர், யாழ்ப்பாணம்)

இந்த மாதத்தில் எனக்கு மிகவும் சந்தோஷம் கொடுத்த கடிதம் இது. தமிழில் பெயர் வைக்கச் சொல்லும் ஆசிரியருக்கு வணக்கம்.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க என்ற எழுத்தோடு 'ொ' என்ற ஒரே குறியைச் சேர்ப்பது ஒரு விதம். க, பிறகு ஒற்றைக் கொம்பு 'ெ', பிறகு துணைக்கால் 'ா' என்று மூன்றாகச் சேமிப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒரே 'கொ'. எந்தக் கீபோர்டில் தட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். மாணவி வீட்டில் போனில் கொஞ்சம், பள்ளிக் கணினியில் கொஞ்சம் எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். பைத்தான் பெயர்களைப் படிக்கும்போது இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் நிரல் ஓடுகிறது. எடிட்டரின் தேடல் சேமித்தபடியே ஒப்பிடுகிறது, அதனால் பாதிதான் அகப்படுகிறது. ஜாவாவில் இந்த உதவியும் கிடையாது. அங்கே இரண்டும் இரண்டு வேறு வேரியபிள்கள்.

மேற்கோள் குறிக்குள் இருக்கும் சொல்லைப் பைத்தானும் மாற்றாது. டிக்ஷனரியில் 'கொள்ளளவு' என்ற சாவியை ஒரு விதமாக எழுதி, இன்னொரு விதமாகத் தேடினால் இல்லை என்றுதான் சொல்லும். 'யூனிகோட்டேட்டா' என்ற மாட்யூலில் உள்ள 'நார்மலைஸ்' ஃபங்ஷனால் ஃபைல் முழுவதையும் ஒரு தடவை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவம்) மாற்றிச் சேமிக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் தேடலில் எல்லா வரியும் வரும்.

ஒன்றை மட்டும் அதுவும் சரிசெய்யாது. 'ஔவை' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒ, ள என்று இரண்டு எழுத்தைத் தட்டி 'ஒளவை' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பார்வைக்கு ஏறத்தாழ ஒன்று. கணினிக்கு அது 'ஒளி'யில் வரும் அதே ஒள. பைத்தானுக்கும் அவை இரண்டு வேரியபிள்கள்தான். வகுப்பில் ஒரு நாள் இரண்டையும் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நீளத்தைச் சொல்லும் 'லென்' கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஔவைக்கு 3 வரும், ஒளவைக்கு 4 வரும்.